நம் கையால் செய்யும் வாழ்த்து மடல்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி, மாலை நேரப் படிப்பக மாணவர்க்கும் இளைஞர்க்கும் நடத்தப்பெற்ற கைவினைப் பயிற்சியின் தொடக்கத்தில் ஆற்றிய உரை)

 

கல்விப் பணியில் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் நம் கழகம், விழாவின் ஒரு பகுதியாக வாழ்த்து மடல் செய்யும் பயிற்சியை ஏற்பாடு செய்திருக்கிறது. அதனைத் தொடங்கிவைத்துச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்தார்கள். வெட்டுவதையும் மடிப்பதையும் ஒட்டுவதையும் பற்றிக் கூறப் புகுமுன், இங்குள்ள பெற்றோர் சிலர் மனத்தில் எழுந்திருக்கக்கூடிய கேள்வி ஒன்றுக்கு விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். "நம் பிள்ளைகளின் கையில் புத்தகம் இருக்க வேண்டிய நேரத்தில் கத்தரிக்கோல் எதற்கு? கைவேலையே கதி என்று கிடந்த காலத்திலிருந்து மீண்டு வருவதற்காகத்தானே இவர்களைப் பள்ளிக்கு அனுப்பினோம்?" என்பதே அக்கேள்வி.

கைத்தொழில் பற்றிய ஐயம்

இந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு வரலாறு உண்டு. 1953ஆம் ஆண்டில் சென்னை மாநில அரசு, சிற்றூர்களின் தொடக்கப் பள்ளிகளுக்கென ஒரு புதிய கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பிள்ளைகள் நாளின் ஒரு பகுதியில் மட்டும் பள்ளியில் பயிலுவது, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்வது என்பது அதன் சாரம். தந்தை செய்த தொழிலுக்கே மகனைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு இது என்று மக்கள் கொதித்தெழுந்தனர். குலக்கல்வித் திட்டம் என்றே அதற்குப் பெயரிட்டனர். 1954இல் காமராசர் முதலமைச்சரான பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. பிறப்பைக் காட்டித் தொழிலைக் கட்டாயப்படுத்தினால் என்ன நேரும் என்பதை நம் மக்களைவிட நன்கறிந்தவர் யாரும் இலர். ஆகவே கைத்தொழில் என்ற சொல்லைக் கேட்டவுடன் பெற்றோர் ஒரு கணம் தயங்கினால், அத்தயக்கத்தை நான் குறையாகக் கருதமாட்டேன்.

ஆயினும், கட்டாயத்தின் மேல் கொண்ட சினத்தைக் கைகளின் மேல் காட்டிவிடலாகாது. நாம் வெறுப்பது கைவேலையை அன்று. இன்னார் இந்த வேலையைத்தான் செய்ய வேண்டும் என்னும் விதியையே வெறுக்கிறோம். இப்பயிற்சிக்கு நான்கு வரையறைகளைக் கழகம் வகுத்திருக்கிறது. விரும்பியவர் மட்டுமே இதில் சேரலாம். ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எல்லாரும் எல்லா வேலையையும் கற்க வேண்டும். பாட நேரத்திலிருந்து ஒரு நிமிடத்தையும் இதற்கென எடுத்தலாகாது. தேர்வு மாதங்களில் பயிற்சி கிடையாது. இந்நான்கும் காக்கப்படும் வரை இது கல்விக்குத் துணையாகவே நிற்கும். அளவெடுப்பதில் கணக்கும், வாசகம் எழுதுவதில் தமிழும், செலவு எழுதுவதில் வாணிபமும் இதனுள் அடங்கியிருப்பதைச் சற்று நேரத்தில் நீங்களே காண்பீர்கள்.

மடல் வந்த வழி

அச்சிட்ட வாழ்த்து மடலின் வரலாறு இங்கிலாந்தில் தொடங்குகிறது. அந்நாட்டில் 1840இல், தொலைவு எவ்வளவாயினும் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பலாம் என்ற அஞ்சல் முறை வந்தது. அதற்காக உழைத்த அரசு அலுவலர்களுள் ஒருவரான ஹென்றி கோல் என்பவர், 1843இல் கிறிஸ்துமஸ் வாழ்த்துக் கூறுவதற்காக ஜான் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்தார். கல்லச்சில் ஏறத்தாழ 1,000 படிகள் அச்சிட்டு, அவற்றுக்குக் கையால் வண்ணம் தீட்டினர். ஒன்றின் விலை ஒரு ஷில்லிங். அதாவது 12 பென்னி. மடலை அனுப்பும் கூலி ஒரு பென்னி. மடலின் விலையோ அதைப்போல் 12 மடங்கு. அம்மடலின் நடுவே ஒரு குடும்பம் விருந்துண்ணும் காட்சி. இரு ஓரங்களிலும் ஏழைக்கு உணவும் உடையும் வழங்கும் காட்சிகள். ஏழைகள் படத்தில் இடம்பெற்றனர். ஆனால் மடலை வாங்கும் நிலையில் அவர்கள் இருந்திருக்க முடியாது.

நம் நாட்டில் 1854இல் அரையணா அஞ்சல் வில்லையும், 1879இல் காலணா அஞ்சலட்டையும் வந்தன. எழுதத் தெரிந்தவர்க்கு எட்டாத தொலைவென்பது இல்லாமற்போயிற்று. அந்த 'எழுதத் தெரிந்தவர்' என்னும் சொல்லில்தான் நம் முன்னோர் பலரும் வெளியே நிறுத்தப்பட்டனர். அந்தக் கதவைத் தட்டியவர்களுள் பண்டிதர் அயோத்திதாசர் முதன்மையானவர். 1907ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய வார இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர். விலையையே பெயரில் வைத்தார். காசு குறைந்தவன் கையிலும் அச்செழுத்து சேர வேண்டும் என்ற எண்ணம் அப்பெயரிலேயே விளங்குகிறது. மலிவான தாளில் மதிப்புள்ள செய்தி என்பது நமக்குப் புதிதன்று.

தமிழ்நாட்டில் பொங்கல் வாழ்த்து மடல் செழித்திருந்த காலம் பெரியோர் நினைவில் இருக்கும். சிவகாசி அச்சகங்களிலிருந்து வந்த மடல்கள் மார்கழி பிறந்தவுடன் கடைதோறும் கயிற்றில் தொங்கும். கரும்பு, பொங்கற்பானை, காளை மாடு, நடிகர், கட்சித் தலைவர் எனப் பலவகைப் படங்கள் அவற்றில் இருக்கும். வயலுக்குச் சொந்தக்காரர் நெற்கதிரோடு நிற்பார். அந்தக் கதிரை நட்டுக் களையெடுத்து அறுத்த கூலிப் பெண்ணின் முகம் பெரும்பாலும் அங்கே இராது. பின்னர்க் கைப்பேசி வந்தது. கடைக் கயிறுகள் வெறுமையாயின. இன்று பண்டிகை நாளில் ஒரே படம் நூறு பேருக்கு ஒரு நொடியில் போய்ச் சேருகிறது; அதே படம் வேறொருவரிடமிருந்து நமக்கே திரும்பியும் வருகிறது. இந்நிலையில், ஒருவர் பெயரை நினைந்து, ஒருவருக்கென்றே செய்த மடல் ஒன்று அஞ்சலில் வந்தால் அதனை யாரும் எறிந்துவிடுவதில்லை.

பணமும் பொருளும் இல்லாத இடத்திலும் நல்ல மடல் பிறக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யுனிசெஃப், 1949இல் தன் முதல் வாழ்த்து மடலை வெளியிட்டது. அதிலிருந்த படத்தை வரைந்தவர் செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஜிட்கா சாம்கோவா என்னும் 7 வயதுச் சிறுமி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவருடைய ஊருக்கு அந்நிதியம் உதவி வழங்கியது; அதற்கு நன்றியாக அச்சிறுமி படம் வரைந்தார். வரைவதற்குத் தாள் கிடைக்காமையால் கண்ணாடித் துண்டின்மேல் வரைந்தார். தாளே இல்லாத குழந்தையின் படம் உலகெங்கும் சென்றது. நமக்குத் தாளாவது இருக்கிறது.

கருவிகளும் தாளும்

தேவையான கருவிகள் பெரும்பாலும் உங்கள் வீட்டிலேயே உள்ளன. 30 செ.மீ. நீளமுள்ள எஃகு அளவுகோல், பென்சில், அழிப்பான், கத்தரிக்கோல், தாள் வெட்டும் கத்தி, கணிதக் கருவிப் பெட்டியிலுள்ள மூலைமட்டம், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா, ஒரு தேக்கரண்டி, பழைய பல் துலக்கும் பிரஷ், ஒரு வண்ணத் தூரிகை ஆகியன போதும். வெட்டும்போது அடியில் வைக்க நாட்காட்டியின் தடித்த அட்டை உதவும். பிளாஸ்டிக் அளவுகோலை வைத்துக் கத்தியால் வெட்டலாகாது. கத்தி அதன் விளிம்பைச் சீவிவிடும், கோடும் கோணலாகும்.

தாளுக்கு 250 கிராம் எடைத் தரமுள்ள சார்ட் அட்டை ஏற்றது. காசு கொடுத்து வாங்க இயலாதபோது, பழைய திருமண அழைப்பிதழ்களின் எழுதப்படாத பக்கத்தைப் பயன்படுத்தலாம். மஞ்சள் தடவிய மூலைகளையும், பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பட்டத்தையும் சேர்த்தே வெட்டி எறிந்துவிடுங்கள்.

சார்ட் அட்டை பொதுவாக 28 அங்குல நீளமும் 22 அங்குல அகலமும் உடையது. அதாவது ஏறக்குறைய 71 செ.மீ.க்கு 56 செ.மீ. நம் மடலுக்கு வேண்டிய துண்டு 21 செ.மீ.க்கு 14.8 செ.மீ. இதனை இரண்டாக மடித்தால் 14.8 செ.மீ.க்கு 10.5 செ.மீ. அளவில் மடல் கிடைக்கும். இனிக் கணக்கைப் பாருங்கள். 14.8 செ.மீ. பக்கம் தாளின் நீளவாட்டில் அமையுமாறு வைத்தால், நீளத்தில் 4, அகலத்தில் 2, ஆக 8 துண்டுகள் கிடைக்கும். துண்டைத் திருப்பி, 21 செ.மீ. பக்கம் நீளவாட்டில் அமையுமாறு வைத்தால், நீளத்தில் 3, அகலத்தில் 3, ஆக 9 துண்டுகள் கிடைக்கும். எஞ்சும் பட்டையில் சிறு மடல்கள் மூன்றுக்கும் இடம் உண்டு. அளவுகோலைத் திருப்பி வைத்ததால் கிடைத்த ஊதியம் இது. எட்டாம் வகுப்புக் கணக்கு இங்கே காசாகிறது.

இவ்விடத்தில் தாளின் இழையோட்டத்தையும் பார்க்க வேண்டும். ஆலையில் தாள் ஓடும் திசையில் அதன் நார்கள் படிந்திருக்கும். நாரின் திசையில் மடித்தால் மடிப்பு வழவழப்பாக விழும். குறுக்கே மடித்தால் மேற்பரப்பு வெடித்து வெள்ளைக் கீறல் தோன்றும். தாளை இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் எளிதில் வளைகிறதோ அதுவே மடிப்புக்கு உரியது. 9 துண்டு வரும் முறையில் மடிப்புத் திசை பொருந்தாமற்போனால், 8 துண்டோடு மனநிறைவு கொள்வதே நன்று. வெடித்த மடிப்புடைய மடலை யாரும் விரும்பி வாங்கமாட்டார்கள்.

வெட்டும் மடிப்பும்

கத்தியை ஒரே அழுத்தாக அழுத்தி வெட்டக் கூடாது. மெல்லிய அழுத்தத்தோடு மூன்று முறை ஓட்டினால் விளிம்பு தெளிவாக இருக்கும், விரலும் தப்பும். அளவுகோலைப் பிடிக்கும் கையின் விரல்கள் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாகாது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கையில் கத்தியைக் கொடுக்காமல், மூத்த மாணவர் வெட்டித் தர வேண்டும்.

மடிப்பதற்கு முன் தடம் போட வேண்டும். மடிப்புக் கோட்டின்மேல் அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பேனாவின் முனையால் அழுத்திக் கோடிழுங்கள். தாள் கிழியாமல் பள்ளம் மட்டும் விழும். அந்தத் தடத்தின் வழியே மடித்து, தேக்கரண்டியின் முதுகால் தேய்த்துவிட்டால் கடையில் விற்கும் மடலுக்கு நிகரான மடிப்புக் கிடைக்கும். நன்கு செய்த மடலையும் செய்யாத மடலையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த ஒரு மடிப்புத்தான்.

மடலைத் திறந்தவுடன் உருவம் எழுந்து நிற்க வேண்டுமா? அதுவும் எளிதே. மடித்த பக்கத்தில் 4 செ.மீ. இடைவெளி விட்டு, 3 செ.மீ. நீளத்துக்கு இரண்டு வெட்டுகள் இடுங்கள். மடலைத் திறந்து, இரு வெட்டுகளுக்கும் நடுவிலுள்ள பட்டையை உட்புறமாகத் தள்ளினால் சிறு மேடை ஒன்று உருவாகும். அதன் முன்பக்கத்தில் உருவத்தை ஒட்டலாம். ஒரு விதியை மட்டும் மறவாதீர்கள். மடலை மூடும்போது அந்த மேடை, வெட்டின் நீளத்தைப்போல் இருமடங்கு தொலைவு வெளிநோக்கி வரும். நம் மடலின் அகலம் 10.5 செ.மீ. ஆதலால் வெட்டு 5 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. 3 செ.மீ. வெட்டில் அமைத்த மேடையின்மேல் ஒட்டும் உருவம் 7 செ.மீ. உயரத்துக்கு மேற்படாமல் இருந்தால், மூடிய மடலிலிருந்து வெளியே எட்டிப் பார்க்காது.

ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். ஒரு பங்கு மாவை ஐந்து பங்கு குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, மெல்லிய தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் பசை கண்ணாடிபோல் தெளிந்து வரும். புத்தகம் கட்டுவோர் அது கெடாதிருக்க மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம்; அது நஞ்சு. பிள்ளைகள் உள்ள இடத்தில் அதைச் சேர்க்காமல், அன்றன்று வேண்டிய அளவே காய்ச்சிக்கொள்ளுங்கள். பசையை மெல்லிதாகத் தடவி, ஒட்டியதை ஓரிரவு கனமான புத்தகங்களின் கீழ் வைத்தால் தாள் நெளியாது.

படமும் எழுத்தும்

வரையத் தெரியாதவரும் படம் அமைக்கலாம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தோய்த்து ஒற்றினால் பூவின் வடிவம் கிடைக்கும். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டி ஒற்றினால் அழகிய கட்டங்கள் விழும். உருளைக்கிழங்கில் எழுத்துச் செதுக்குவோர் அதனைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகச் செதுக்க வேண்டும். மஞ்சள் கரைசல் மலிவானதாயினும் வெயிலில் வெளுத்துவிடும். நாள்பட வைத்திருக்க வேண்டிய மடலுக்குப் போஸ்டர் வண்ணமே நல்லது.

பல மடல்களில் ஒரே உருவம் வேண்டுமானால், பழைய எக்ஸ்ரே படத்தில் உருவத்தை வெட்டியெடுத்து அச்சுத் தகடாக வைத்துக்கொள்ளலாம். நீரில் நனைந்தாலும் அது கெடாது. தகட்டைத் தாளின்மேல் வைத்து, வண்ணம் குறைவாக எடுத்த தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்துத் தட்டுங்கள். அல்லது பல் துலக்கும் பிரஷை வண்ணத்தில் தோய்த்து, அளவுகோலால் வருடித் தெளியுங்கள். தமிழ் எழுத்தை இவ்வாறு வெட்டுவதில் ஒரு நுட்பம் உண்டு. ட, ப, ய போன்ற எழுத்துகள் திறந்தவை, தொல்லை தாரா. க, வ, ண போன்றவற்றில் மூடிய கண்கள் உள்ளன. அவற்றை அப்படியே வெட்டினால் உள்ளிருக்கும் துண்டு விழுந்து, எழுத்து வெறும் கறையாகிவிடும். ஆகவே உள்துண்டைத் தகட்டோடு இணைக்கும் சிறு பாலம் ஒன்றை விட்டு வெட்ட வேண்டும். 'வாழ்த்து' என்னும் ஒரு சொல்லை இவ்வாறு வெட்டிப் பழகியவன், தன் தாய்மொழியின் எழுத்தை அதுவரை பாராத கண்ணோடு பார்க்கிறான்.

நம் மடலில் யார் இருக்க வேண்டும் என்பதும் நம் கையில்தான் இருக்கிறது. பழைய பொங்கல் மடலில் இடம்பெறாத நம் தாயார் நாற்று நடும் காட்சியை நாம் வரையலாம். பறையை வரையலாம், விளக்கின் கீழ்ப் படிக்கும் சிறுமியை வரையலாம். வாழ்த்து அனுப்பப் பொங்கல் ஒன்றே நாளன்று. ஜனவரி 3 சாவித்திரிபாய் புலே பிறந்த நாள். ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள். 2022ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் அது சமத்துவ நாளாகவும் போற்றப்படுகிறது. மே 20 அயோத்திதாசர் பிறந்த நாள். இந்நாள்களுக்கு உரிய மடல் நம் சிற்றூர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே நாமே செய்வோம்.

உள்ளே எழுதும் வாசகம் ஒரு வரியாயினும் அது உங்களுடையதாக இருக்கட்டும். 'எல்லா நலமும் பெறுக' என்று எவருக்கும் எழுதலாம். 'மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு, கூட்டு வட்டிக் கணக்கைத் தாங்கள் மூன்று நாள் பொறுமையாகச் சொல்லித் தந்ததை மறவேன்' என்று ஒருவருக்குத்தான் எழுத முடியும். படிக்கத் தெரியாத பாட்டிக்கு எழுதுகிறவர், மடலைக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல் அருகில் அமர்ந்து படித்துக் காட்டுங்கள்.

உறையும் முகவரியும்

உறைக்கு மெல்லிய ஏ4 தாள் ஒன்று போதும். 16.2 செ.மீ. அகலமும் 11.4 செ.மீ. உயரமும் உடைய உறை நம் மடலுக்குப் பொருந்தும். பக்கத்துக்கு 2 செ.மீ. ஒட்டுமடிப்பு, பின்புறத்துக்கு 10 செ.மீ., மேல்மூடிக்கு 5 செ.மீ. என்று வைத்தாலும் தாள் மிஞ்சும். மடலின் எடை ஏறத்தாழ 8 கிராம், உறையின் எடை ஏறத்தாழ 4 கிராம், ஆக 12 கிராம். அஞ்சலில் கடிதத்துக்கு 20 கிராம் வரை முதற்கட்டணமே. ஆகவே மடலின்மேல் கனமான பொருள்களை ஒட்டி எடையைக் கூட்டாதீர்கள்.

இனி முகவரி. இது சிறு செய்திபோல் தோன்றும், நமக்குச் சிறிதன்று. அனுப்புநர் என்ற இடத்தில் தம் தெருவின் பெயரை முழுமையாக எழுதக் கூசி, வெறும் ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்ளும் இளைஞரை நீங்களும் அறிவீர்கள். சேரி என்ற சொல் பழந்தமிழ் இலக்கியத்தில் மக்கள் சேர்ந்து வாழும் இடத்தைக் குறித்த பொதுச் சொல். பிற்காலம் அதனை இழிவாக்கிற்று. பின்னர்க் 'காலனி' என்று மாற்றினர். அச்சொல்லும் அதே வழியில் சென்றது. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல்லை மாற்றுவது அரசின் வேலை. கூச்சத்தை மாற்றுவது நம் வேலை. இழிவு என்பது ஒரு தெருவை ஒதுக்கி வைத்தவர்க்கு உரியது. அத்தெருவில் வாழ்ந்து படித்தவர்க்கு உரியதன்று. ஆகவே அனுப்புநர் முகவரியைத் தெளிவான எழுத்தில், கதவு எண்ணும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் சேர்த்து, முழுமையாக எழுதுங்கள். அழகிய மடல் ஒன்று இந்த முகவரியிலிருந்து வந்தது என்பதைப் பெறுபவர் அறியட்டும்.

கூலிக் கணக்கு

இம்மடல்களை விற்றுக் குறிப்பேடு வாங்கவும் தேர்வுக் கட்டணம் செலுத்தவும் பயன்படுத்தலாம் என்பது கழகத்தின் எண்ணம். நல்ல எண்ணம். ஆயினும் விலை வைப்பதில் நம்மவர் வழக்கமாகத் தவறும் இடம் ஒன்று உண்டு. ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குவேன்.

ஒருவர் 5 மணி நேரத்தில் 20 மடல்கள் செய்கிறார் என்று கொள்வோம். அட்டை, உறை, வண்ணம், பசை ஆகியவற்றுக்கு மடல் ஒன்றுக்கு 8 ரூபாய். மொத்தம் 160 ரூபாய். இரண்டு மடல்கள் கறைபட்டுக் கழிந்தன. விற்கத் தக்கவை 18. ஒன்றை 10 ரூபாய்க்கு விற்றால் வரவு 180 ரூபாய். "20 ரூபாய் ஆதாயம்" என்று மகிழ்வோம். ஆனால் அந்த 20 ரூபாய் 5 மணி நேர உழைப்பின் விலை. மணிக்கு 4 ரூபாய்! மணிக்கு 60 ரூபாய் கூலி என்று சேர்த்தால், 160உம் 300உம் ஆக 460 ரூபாய். அதனை 18ஆல் வகுத்தால் ஒரு மடலின் அடக்க விலை ஏறத்தாழ 26 ரூபாய்.

நம் முன்னோர் வெட்டி வேலை என்ற பெயரில் கூலியின்றி உழைத்தனர். பிறர் நம் உழைப்புக்குக் கூலி கொடுக்காததை எதிர்த்து நின்ற நாம், நாமே நம் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விட்டால், அந்த வெட்டி வேலைக்கு நம் கையாலேயே மறுபிறவி கொடுத்தவர்கள் ஆவோம். விலை கூடுதலாகத் தோன்றினால், நேரத்தைக் குறைக்கும் வழியைத் தேடுங்கள். முதலில் எல்லாத் தாளையும் வெட்டி, பின்பு எல்லாவற்றுக்கும் தடம் போட்டு, அதன்பின் எல்லாவற்றிலும் அச்சொற்றினால் பெருமளவு நேரம் மிஞ்சும். இரக்கம் காட்டி வாங்குங்கள் என்று எவரிடமும் கேட்காதீர்கள். மடிப்பு நேராக இருக்கிறதா, வண்ணம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

வேலையைப் பகிர்ந்துகொள்ளும்போது மற்றொன்றையும் கருத்தில் வையுங்கள். உழைப்பவர்களையே பிறப்பின் பெயரால் மேலும் கீழுமாகப் பிரித்து நிறுத்துவதே சாதியின் தன்மை என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதிய சாதி ஒழிப்பு நூலில் விளக்கியிருக்கிறார். நம் பயிற்சிக் கூடத்தில் அதன் நிழலும் விழலாகாது. ஒருவரே நாள்தோறும் படம் வரைவதும், மற்றொருவரே நாள்தோறும் தாள் துணுக்கைக் கூட்டுவதும் கூடாது. பெண் பிள்ளைகளே பசை காய்ச்ச வேண்டும், ஆண் பிள்ளைகளே கணக்கு எழுத வேண்டும் என்ற ஏற்பாடும் வேண்டா. வாரந்தோறும் முறை மாறட்டும். துடைப்பம் எல்லார் கைக்கும் வரட்டும். கணக்குப் புத்தகமும் எல்லார் கைக்கும் வரட்டும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள்

அன்பிற்குரிய மாணவச் செல்வங்களே! இப்பயிற்சியில் நீங்கள் செய்யும் முதல் மடலை விற்காதீர்கள். இந்தக் கழகத்தில் 25 ஆண்டுகளாக மாலைதோறும் ஊதியமின்றிப் பாடம் சொல்லித் தந்த ஆசிரியர்கள் பலர் இன்று வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்களும் முகவரிகளும் அலுவலகப் பதிவேட்டில் உள்ளன. ஆளுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, வருகிற ஏப்ரல் 14க்குள் போய்ச் சேருமாறு உங்கள் முதல் மடலை அவர்களுக்கு அனுப்புங்கள். தாம் கற்பித்த எழுத்து அஞ்சல் வழியே தம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பதை அவர்கள் காணட்டும். கூலி வாங்காமல் உழைத்த அப்பெருமக்களுக்கு நாம் செலுத்தக்கூடிய காணிக்கை அதுவே. இரண்டாவது மடலிலிருந்து கணக்குப் புத்தகத்தைத் திறவுங்கள்.

அளவுகோல்கள் மேசைமேல் காத்திருக்கின்றன.